இரண்டு சுவர் போதாது

பேரப்பிள்ளைகளின் படங்கள், வீட்டுப் பத்திரம், பென்ஷன் தாள்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்ட காலம் இது. என் வயது நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: “இரண்டு ஹார்டு டிஸ்க்கை எப்படி இணைத்தால் வேகமும் இருக்கும், பத்திரமாகவும் இருக்கும்?”

‘ரெய்டு 0’ முறையில் தகவலைத் துண்டுதுண்டாக இரண்டிலும் பிரித்து எழுதுவார்கள். வேகம் உண்டு, ஒரு டிஸ்க் போனால் அத்தனையும் போச்சு. ‘ரெய்டு 1’ல் ஒரே தகவல் இரண்டிலும் இருக்கும். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். ஆனால் இரண்டு 4 டி.பி. வாங்கினாலும் கைக்கு வருவது 4 டி.பி.தான்.

இந்த ரெய்டு 1ஐயே பேக்கப் என்று பலர் நம்புகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட மண்டபம் இருக்கிறது. அங்கே ஒரே வடமொழிக் கல்வெட்டைப் பல்லவர்கள் ஒரு பக்கச் சுவரில் கிரந்தத்திலும் மறுபக்கச் சுவரில் நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். ரெய்டு 1 என்பது அதுதான். ஒரு சுவர் உதிர்ந்தால் மற்றதைப் படிக்கலாம். மணல் மூடினால் இரண்டும் சேர்ந்தே மூடும். 2015 டிசம்பரில் முடிச்சூர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததே, ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு டிஸ்க்கில் அது எதை விட்டுவைக்கும்? தவறுதலாக ஒரு படத்தை அழித்தாலும் இரண்டிலும் அதே நொடியில் அழியும்.

மாமல்லபுரத்திலேயே இன்னொரு வழியும் இருக்கிறது. கணேச ரதத்தின் கல்வெட்டு தருமராஜ மண்டபத்திலும் இருக்கிறது. இடமே வேறு. பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். காலனிகளின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளில் ஒரு நகல் பிரான்சுக்கு வர வேண்டும் என்று 1776ல் பதினாறாம் லூயி ஆணையிட்டார். புதுச்சேரிப் பதிவேடுகளும் அப்படிக் கப்பலேறின.

ஆகவே என் யோசனை இது. தினசரி வேலைக்கு ஒரு எஸ்.எஸ்.டி. போதும், வேகத்தை அது பார்த்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, உடனே கழற்றி வைத்துவிடுங்கள். வைரஸ் வந்தாலும் கழற்றிய டிஸ்க்கைத் தொடாது. ரெய்டுக்கு ஆகும் காசில் இன்னொரு டிஸ்க் வாங்கி, வெளியூரில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ வையுங்கள், போய்வரும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். நிமிடம்கூட வேலை நிற்கக் கூடாத கடைக்கும் ஸ்டூடியோவுக்கும் ரெய்டு 1 தேவைதான். அவர்களுக்கும் வெளியூர் நகல் தனியாக வேண்டும்.

அவ்வப்போது அந்த நகலிலிருந்து நாலு படங்களைத் திறந்தும் பாருங்கள். திறக்காவிட்டால் அது நகலே அல்ல.