வாயில்லா ஜீவனுக்கு வலி மாத்திரை

சின்ன வயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எழுபதைத் தாண்டிய பிறகும் பிரெஞ்சுப் பத்திரிகை ஏதாவது கையில் கிடைத்தால் விடுவதில்லை. அப்படித் தெரிந்துகொண்டதுதான் பிரான்சில் ஃப்ளோராக் என்ற ஊரில் நடக்கும் நெடுந்தூரக் குதிரைப் போட்டி. மலைப்பாதையில் ஒரே நாளில் 160 கிலோமீட்டர். கிட்டத்தட்ட நம் புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போகிற தூரம்!

இந்த வகைப் போட்டியில் வேகம் மட்டும் போதாது. வழியில் அங்கங்கே கால்நடை மருத்துவர்கள் குதிரையை நிறுத்திப் பார்ப்பார்கள். குறித்த நேரத்துக்குள் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64 என்ற அளவுக்கு இறங்க வேண்டும். நொண்டக் கூடாது. தேறாத குதிரைக்கு அத்துடன் போட்டி முடிந்தது. நல்ல ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டை ஏமாற்றத்தான் சிலர் மருந்தைத் தேடுகிறார்கள். ஃபினைல்பியூட்டசோன் என்று ஒரு வலி நிவாரணி. அடிபட்ட குதிரைக்கு ஓய்வோடு கொடுத்தால் அது நல்ல மருந்துதான். போட்டியில் ஓடும் குதிரையின் உடம்பில் அது இருக்கக் கூடாது என்பது சர்வதேசக் கூட்டமைப்பின் விதி. காரணம் எளிது. குதிரை ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்வதற்கு நொண்டலைத் தவிர வேறு பாஷை இல்லை. மருந்து கொடுத்து அதை மறைப்பது, ஆட்சேபக் குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கோப்பை மேலே அனுப்புவதற்குச் சமம். நாற்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

“மனிதர்கள் போட்டுக்கொள்வதில்லையா?” என்பார்கள். நானும் போட்டுக்கொண்டேன். மூட்டுவலிக்கு ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கடற்கரைச் சாலையில் இரண்டு நடை அதிகம் நடந்தேன். மறுநாள் முட்டி வீங்கிப் பத்து நாள் படுக்கை. ஆனால் விழுங்கியது நான், அனுபவித்ததும் நான். குதிரையை யார் கேட்டார்கள்? வலியைக் குறைப்பது ஜீவகாருண்யம் என்றால், முதலில் அதன் முதுகை விட்டு இறங்குங்கள்.

சத்துப் பொருள் எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. குதிரையின் வியர்வையில் உப்பு மிக அதிகம். வெயிலில் ஓடினால் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலும் வியர்க்கும். இழந்த உப்பைத் திருப்பிக் கொடுப்பது நியாயம், விதியும் அனுமதிக்கிறது. ஆனால் தண்ணீர் குடிக்காத குதிரையின் வாயில் உப்புக் குழம்பைப் பீய்ச்சினால், அது உடம்பிலிருக்கும் நீரையே குடலுக்கு இழுக்கும். வாந்தியெடுக்கவும் குதிரையால் முடியாது. ‘இயற்கைப் பொருள்தானே’ என்ற சமாதானமும் செல்லாது. மிளகாயின் காரமான கேப்சைசின்கூடத் தடைப் பட்டியலில்தான் இருக்கிறது.

2015-இல் குதிரை நல விதிகளை மீறியதாக ஐக்கிய அரபு அமீரகத்தின் கூட்டமைப்பையே இடைநீக்கம் செய்தார்கள். சில மாதங்களில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். தண்டனை இவ்வளவுதான் என்றால் யாருக்குப் பயம் வரும்?

மருந்து தேவைப்படும் குதிரைக்கு லாயத்தில் ஓய்வு கொடுங்கள். ஓடத் தகுதியுள்ள குதிரைக்கு மருந்து எதற்கு? நீங்களே சொல்லுங்கள்.