பந்தடிக்க வர்றவனுக்கும் ஏமாற்றம், ஏர் ஓட்டுறவனுக்கும் ஏமாற்றம்!



போன தை மாசம் அறுவடை முடிஞ்ச கையோடு நம்ம ஊர்களுக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. இறங்கிய புரோக்கர்கள் கையில் வழவழப்பான நோட்டீஸ். அதில் பச்சைப் பசேலென்று புல்வெளி, நடுவே ஒரு குளம், கையில் குச்சியோடு தொப்பி போட்ட வெள்ளைக்காரர். “கோல்ஃப் டவுன்ஷிப் வருது. நானூறு ஏக்கர். வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து ஆட்டக்காரங்க பிளைட் புடிச்சு வருவாங்க. டீக்கடை வச்சாக்கூடப் பிழைச்சுக்கலாம்” என்று சொன்னார்கள். ஏரிக்குக் கீழே இருக்கிற நஞ்சைக்கும், கரைக்கு மேலே இருக்கிற மேய்க்கால் புறம்போக்குக்கும் சேர்த்துத்தான் அவர்கள் வரைபடம் போட்டிருக்கிறார்கள்.

சிலர் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கூட்டுறவுக் கடன், நகைக் கடன், மகள் கல்யாணம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கு. என் வீட்டிலும் இருக்கு. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். பிளைட் புடிச்சு வரப்போற அந்த ஆட்டக்காரன் நிஜமாகவே வருவானா? வந்தால் திருப்தியோடு போவானா? அவன் வராவிட்டால் நம்ம நிலம் என்ன ஆகும்?

முதலில் இந்த ஆட்டம் என்னவென்று பார்ப்போம். சின்ன வெள்ளைப் பந்தைக் குச்சியால் அடித்துக் குழியில் போட வேண்டும். மொத்தம் 18 குழி. ஒரு மைதானத்துக்கு 120, 150 ஏக்கர் தேவை. நாலு பேர் ஒரு கோஷ்டியாக நாலு, அஞ்சு மணி நேரம் நடந்து ஆடுகிற ஆட்டம். ஆட்டத்தின் மேல் நமக்குப் பகை கிடையாது. கபடி போல, சிலம்பம் போல அதுவும் ஒரு ஆட்டம். எந்த மண்ணில் ஆடுவது என்பதுதான் பிரச்சினை.

ஆட்டம் பிறந்த மண்ணு எது?

இந்த ஆட்டம் வேரூன்றியது ஸ்காட்லாந்து நாட்டின் கடற்கரையில். அங்கே கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே ஒரு மணல் தரை உண்டு. அதை ‘லிங்க்ஸ்’ என்பார்கள். ஏர் பூட்ட உதவாத தரை. ஆடு மேயும், முயல் வளை தோண்டும். தண்ணீர் தானாக வடிந்துவிடும். புல் தானாக முளைக்கும். பயிர் வராத இடத்தில்தான் அவர்கள் பந்து அடித்தார்கள்.

அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு ஊர். உலகத்து கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு அது காசி, ராமேஸ்வரம் மாதிரி. அந்த மைதானம் பணக்காரக் கிளப்பின் சொத்து இல்லை, ஊர்ப் பொதுச் சொத்து. கடனில் சிக்கிய நகரசபை 1797இல் அந்தத் தரையைக் கைவிட்டது. முயல் வளர்க்கும் வியாபாரிகள் கையில் அது போனது. முயல்காரர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இருபது வருஷத்துக்கு மேல் வம்பு வழக்கு. 1821இல் பக்கத்து நிலக்கிழார் ஒருவர் வாங்கி ஆட்டத்தைக் காப்பாற்றினார். 1894இல் ஊரே சட்டம் போட்டு அதைத் திரும்ப வாங்கியது. 1974 முதல் ஒரு பொது அறக்கட்டளை நிர்வாகம் செய்கிறது. அங்கே உள்ள பழைய மைதானத்தில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது. ஊர்ச்சனம் குழந்தை குட்டியோடு நடந்து போகலாம், நாயைக் கூட்டிப் போகலாம். நம்ம புரோக்கர் நோட்டீஸில் அப்படி ஒரு வரி இருக்கிறதா? காம்பவுண்டு சுவரும் காவலாளியும்தான் இருக்கு!

அதே நாட்டில் வடக்கே ப்ரோரா என்று ஒரு ஊர். அங்கே கோல்ஃப் கிளப் 1891இல் தொடங்கியது. ஆனால் மேய்ச்சல் உரிமை ஊர்ச் சிறு விவசாயிகளுடையது. ஆடும் மாடும் மைதானத்திலேயே மேய்ந்து வந்தன. குழி இருக்கிற இடத்தைச் சுற்றி மட்டும் மின்கம்பி வேலி போட்டு வைத்தார்கள். சாணியைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஆனாலும் கடல் தாண்டிப் போகிற ஆட்டக்காரர்கள் தேடிப் போய் ஆடுகிற மைதானம் அது. மந்தையை விரட்டாமலேயே பேர் வாங்கிய இடம்!

பயணம் போகிற ஆட்டக்காரன் ஏன் சலித்துப் போகிறான்?

என் அக்கா மகன் பதினோரு வருஷமாக வளைகுடா நாட்டில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தபோது அவனிடம் கேட்டேன். “மாமா, அங்க வர்ற ஆட்டக்காரங்க பாதிப் பேரு ஒரு தடவையோட சரி. எல்லா மைதானமும் ஒரே அச்சு. அதே குளம், அதே ஈச்ச மரம், ரெண்டு பக்கமும் விக்காத வீடு. நடக்க விட மாட்டாங்க, வண்டியிலதான் போகணும். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்னு அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க” என்றான். ராத்திரி முழுக்கத் தண்ணி பீய்ச்சுகிற வேலை அவனுக்கு. நம்ம கொல்லை காய்ந்து கிடக்க, அவன் பாலைவனத்தில் புல்லுக்குத் தண்ணி பாய்ச்சுகிறான்!

பேர் பெற்ற இடத்திலேயே மனத்தாங்கல் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா கடற்கரையில் பெபிள் பீச் என்கிற மைதானம். 1919இல் திறந்தது. ஒரு ஆட்டத்துக்குக் கட்டணம் 600 டாலருக்கு மேல். நம்ம பணத்துக்கு 50 ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அவ்வளவு கொடுத்தும், ஆட்டம் ஊர்ந்து ஊர்ந்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல் இழுக்கிறது என்று குறைப்படுபவர்கள் உண்டு. ஆனாலும் கூட்டம் ஏன் போகிறது? பாறை மேல் நின்றால் கீழே கடல்! அந்தக் கடலுக்காகப் போகிறான். நம்ம நஞ்சையை மேடாக்கிப் புல் போட்டால் அங்கே கடல் வருமா? களிமண் பூமியில் ஐப்பசி மழைக்குத் தண்ணி வடியாமல் நிற்கும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். இதைப் பார்க்கவா ஒருத்தன் பிளைட் டிக்கெட் எடுப்பான்?

வாக்குறுதி என்ன ஆச்சு?

ஸ்காட்லாந்திலேயே இன்னொரு கதை. அபர்டீன் பக்கம் மெனி என்கிற கடற்கரை. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆன டொனால்ட் டிரம்ப் 2006இல் அங்கே நிலம் வாங்கினார். நூறு கோடி பவுண்டு முதலீடு, ஆயிரக்கணக்கில் வேலை, 450 அறை ஓட்டல் என்றெல்லாம் பேச்சு. 2007இல் உள்ளூர் கவுன்சில் குழு மறுத்தது. மேலே இருந்த அரசாங்கம் 2008இல் அனுமதி கொடுத்துவிட்டது. 2012இல் மைதானம் திறந்தது. பத்து வருஷம் கடந்தும் அந்த 450 அறை ஓட்டல் எழும்பவில்லை. அந்தப் பத்து வருஷமும் கம்பெனிக் கணக்கில் நட்டம்தான். சட்டப் பாதுகாப்பில் இருந்த மணல்மேட்டில் மைதானம் போட்டதால் அதன் இயற்கைத் தன்மை கெட்டு, 2020இல் அந்தப் பாதுகாப்புத் தகுதியே போனது. மணல்மேட்டைத் திரும்பக் கொண்டுவர யாரால் முடியும்?

அங்கே நிலத்தை விற்க மாட்டேன் என்று நின்ற ஒரு விவசாயி இருந்தார். அவர் இடத்தைப் பன்றித் தொழுவம் என்று டிரம்ப் ஏசினார். அந்த விவசாயிக்குத்தான் 2012இல் ஸ்காட்லாந்து மக்கள் ஓட்டுப் போட்டு நாட்டின் சிறந்த மனிதர் என்று விருது கொடுத்தார்கள்.

ஜப்பானைப் பாருங்கள். 1987இல் சுற்றுலா விடுதிகளை வளர்க்க என்று ஒரு சட்டம் போட்டார்கள். மலையை வெட்டி, காட்டை அழித்து மைதானம் மைதானமாகப் போட்டார்கள். உறுப்பினர் டெபாசிட் என்று லட்சம் லட்சமாக வசூல். 1990களில் பொருளாதாரம் சரிந்தது. கிளப்புகள் திவால் ஆயின, டெபாசிட் பணம் திரும்பவில்லை. கைவிட்ட மைதானங்களில் பிறகு சூரிய ஒளி மின்சாரப் பலகைகளை நட்டார்கள். கியோட்டோ மாகாணத்தில் அப்படி ஒன்று. தெற்கே ககோஷிமாவில், கோல்ஃபுக்கு என்று ஒதுக்கி முப்பது வருஷம் சும்மா கிடந்த இடத்தில் இன்னொன்று. நம்ம ஊரிலும் நாளைக்கு ஆட்டக்காரன் வராவிட்டால் நிலம் நம்ம கைக்குத் திரும்புமா? திரும்பாது. அடுத்த கம்பெனி கைக்குத்தான் போகும்.

தண்ணீர்க் கணக்கு

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு மைதானத்தில் 60 ஏக்கர் புல்லுக்கு மட்டும் தண்ணீர் விடுவதாக வைத்துக்கொள்வோம். நம்ம வெயிலுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு ஏக்கருக்கு 20 ஆயிரம் லிட்டர். 60 ஏக்கருக்கு 12 லட்சம் லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. அப்படியானால் 22 ஆயிரம் பேர் குடித்துக் குளிக்கிற தண்ணீர் ஒரே நாளில் புல்லுக்குப் போகும்! “சுத்தம் பண்ணின கழிவுநீரைத்தான் விடுவோம்” என்கிறார்கள். அவ்வளவு கழிவுநீர் நம்ம ஒன்றியத்தில் எங்கே இருக்கு? கடைசியில் ஆயிரம் அடி போர்தான் போடுவான். நம்ம கிணறு வற்றும்.

சென்னை கிண்டியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ரேஸ் கிளப்புக்குக் குத்தகைக்கு விட்டிருந்த 160 ஏக்கரை அரசாங்கம் 2024 செப்டம்பரில் கையில் எடுத்தது. கோல்ஃப் ஆட்டமும் நடந்த அந்த வளாகத்தில், வெள்ளத்தைத் தடுக்கக் குளம் வெட்டும் வேலை தொடங்கியது. கிளப்புகள் கோர்ட்டுக்குப் போயின. பட்டணத்தில் புல்வெளியில் குளம் வெட்டுகிறார்கள். கிராமத்தில் ஏரியைத் தூர்த்துப் புல்வெளி போடுவோம் என்கிறார்கள். இது என்ன நியாயம்?

விவசாயத்துல என்ன லாபம்னு கேட்கிறவங்களுக்கு

“நெல்லு போட்டு என்னத்த கண்டோம், வித்துட்டுப் போகலாம்” என்று நம்ம பிள்ளைகளே பேசுகிறார்கள். நியாயமான கோபம். கட்டுப்படியான விலை கிடைக்கவில்லை என்பது உண்மை. அதற்கு விலை கேட்டுப் போராட வேண்டும், நிலத்தையே விட்டுவிட்டால் விலை கேட்கிற உரிமையும் போய்விடும். ஏக்கர் பணம் மூன்று வருஷத்தில் கரையும். அதற்குப் பிறகு, சொந்தமாக இருந்த வயலிலேயே காக்கி உடுப்புப் போட்டுப் புல் வெட்ட வேண்டும். அதுவும் ஆட்டக்காரன் வந்தால்தான்!

நிலம் இல்லாத குடும்பங்களையும் நினையுங்கள். நாற்று நட, களை எடுக்கப் போகிறவர்களுக்கும், நாலு ஆடு வைத்து மேய்க்கால் புறம்போக்கை நம்பி இருக்கிறவர்களுக்கும் எந்தப் புரோக்கரும் அட்வான்ஸ் தரப் போவதில்லை.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். மெக்சிகோ நாட்டில் டெபோஸ்ட்லான் என்று ஒரு ஊர். 1995இல் ஊர்ப் பொது நிலத்தில் 18 குழி மைதானமும் சொகுசு வீடுகளும் போட ஒரு கம்பெனி வந்தது. தண்ணீர் போய்விடும் என்று ஊர் எழுந்தது. துணைபோன நிர்வாகத்தை விரட்டிவிட்டு, தங்கள் வழக்கப்படி ஊர் கூடிப் புது நிர்வாகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1996 ஏப்ரல் 10 அன்று, விவசாயத் தலைவர் சபாடாவின் நினைவு நாளில், ஊர்வலமாகப் போனவர்கள் மேல் போலீஸ் தாக்குதல். ஒரு முதியவர் உயிரிழந்தார். சில நாட்களில் கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது. நம்மைப் போன்ற சோளக்காட்டு விவசாயிகள்தான் அவர்களும்.

நமது கோரிக்கைகள்

1. ஏரி ஆயக்கட்டு நஞ்சையிலும் மேய்க்கால் புறம்போக்கிலும் கோல்ஃப் மைதானத்துக்கு எந்தத் துறையும் அனுமதி தரக் கூடாது.

2. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம் போன்ற எதையும் காட்டி நம்ம ஏரியையும் வாய்க்காலையும் தனியார் திட்டத்துக்குள் சேர்க்கக் கூடாது.

3. மைதானம் வேண்டும் என்பவர்கள் பயிர் வராத, பாசனம் இல்லாத இடத்தைத் தேடிக்கொள்ளட்டும். தண்ணீர்க் கணக்கை ஊர் முன்னால் வைக்கட்டும்.

அட்வான்ஸ் வாங்கியவர்கள் பயப்பட வேண்டாம். அக்ரிமென்ட் நகலோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், வக்கீலோடு உட்கார்ந்து பேசலாம். வாங்காதவர்கள் எந்தப் பவர் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு வீட்டுக்கு இரண்டு பேராவது வாருங்கள், முக்கியமாகப் பெண்கள். தீர்மானத்தை எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

என் அக்கா மகன் கிளம்புகிற அன்றைக்கு ஏரிக்கரையில் நின்று சொன்னான்: “மாமா, நான் திரும்பி வர்றப்போ இங்க நெல்லு இருக்கணும். புல்லுக்குத் தண்ணி விட்டுட்டு வர்றவனுக்கு மறுபடியும் புல்லைக் காட்டாதீங்க.” அவனுக்கு நாம் கொடுக்க வேண்டிய பதில் கிராம சபையில் இருக்கிறது.

ஏரி நமது! நஞ்சை நமது! ஒன்றுபடுவோம், காப்போம்!

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்