பார்வை காக்கும் ஊசி: காப்பீடு போதுமா?

புதுதில்லி: நாட்டில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. பெங்களூரு காக்ஸ் டவுன் ஓய்வூதியராயினும், கிராமத்து விவசாயியாயினும் இந்நோயாளிகளை அச்சுறுத்துவது விழித்திரை மைய வீக்கம். சேதமுற்ற ரத்த நாளங்களிலிருந்து கசியும் நீர் விழித்திரை மையத்தில் தேங்குவதால் எழுத்துகள் மங்கும். நேர்க்கோடு வளைந்து தெரியும்.

கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்து வீக்கத்தைக் குறைக்கிறது. ஆனால், ஒரு முறை போதாது. தொடக்கத்தில் மாதந்தோறும் தேவைப்படலாம். விலை குறைந்த பெவாசிசுமாப், புற்றுநோய்க்கென அனுமதிக்கப்பட்டது. குஜராத்தில் சிலருக்குப் பாதிப்பு ஏற்பட்டதால், கண்ணில் அதைப் பயன்படுத்துவதற்கு எதிராக 2016 ஜனவரியில் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி எச்சரித்தார். கண் மருத்துவர்களின் ஆட்சேபத்துக்குப் பின் மார்ச்சில் எச்சரிக்கை விலக்கப்பட்டது.

மருத்துவக் காப்பீட்டில் இவ்வூசியைச் சேர்க்குமாறு 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அறிவுறுத்தியது. எனினும், உச்சவரம்பு விதிக்க நிறுவனங்களுக்கு இடமளித்தது.

பாலிசி இல்லாத ஏழைகளுக்கு அவ்வுத்தரவால் பயனில்லை. ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனையும், அரசு மருத்துவமனைகளில் தடையின்றி ஊசி மருந்தும் கிடைத்தால்தான் அவர்களது பார்வை தப்பும்.