முடி கொட்டினால் முதலில் இரத்தத்தைப் பாருங்கள்

"முடி கொட்டுது, நல்ல விட்டமின் ஏதாவது தாங்க." மாத்தளை நகரத்து மருந்துக்கடைகளில் இந்தக் குரலை அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர்களில் பலர் எல்கடுவ, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள். கைக்கு வருவது பெரும்பாலும் பயோட்டின் போத்தல்.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும். போத்தலில் இருப்பதோ 5,000, சிலவற்றில் 10,000. முட்டை, மீன், பருப்பு சாப்பிடுகிறவருக்கு அதில் குறைபாடு வருவது மிக அரிது. மிஞ்சுவது சிறுநீரோடு போய்விடும். போவதற்குள், தைரொய்ட், இதய நோய்க்கான இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பிழையாகக் காட்டவும் செய்யும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. விட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்ட வைக்கும்.

"எனக்குக் குணமானதே" என்பார்கள். டெங்குக் காய்ச்சலோ பிள்ளைப்பேறோ கழிந்து இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே நின்று, திரும்ப வளரும். அதற்குள் மாத்திரை பேர் வாங்கிவிடுகிறது.

நம் பெண்களுக்கு உண்மையில் குறைவது பெரும்பாலும் இரும்புச்சத்து. மாதவிடாயும் பிரசவமும் இரத்தத்தைக் குறைக்கின்றன. மலையில் கொழுந்து பறிக்கிறவர் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கிறார். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் தேயிலைச் சாயம் தடுக்கிறது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். முருங்கைக்கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். கூடவே நெத்தலிக் கருவாடு இருந்தால் இன்னும் நல்லது.

கர்ப்பிணித் தாய்மாருக்கு அரசாங்கக் கிளினிக்கில் இரும்பு மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது என்று அதை அலுமாரியில் போட்டுவிட்டு, முடிக்கென்று காசு கொடுத்து வேறு மாத்திரை வாங்குவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. ஒத்துக்கொள்ளாவிட்டால் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள், வழி சொல்வார்.

குறைபாடு இருந்தால் அதை நிரப்பும் சத்து முடிக்கும் உதவும். குறைபாடே இல்லாதவருக்கு எந்த விட்டமினும் முடியை வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. முடி கொட்டுவதோடு களைப்பும், மேடு ஏறும்போது மூச்சு வாங்கலும் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைரொய்ட் பரிசோதனைகள் தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள். போத்தல் வாங்க வைத்திருக்கும் காசில் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் முட்டை வாங்குங்கள்.