கோட்லாவின் முழங்கையும் ஜந்தர் மந்தரின் மௌனமும்

2008 அக்டோபர் 29 அன்று தில்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் போட்டி தொடங்கியது. அன்று ரன் எடுக்க ஓடிய கௌதம் கம்பீர், பந்துவீச்சாளர் ஷேன் வாட்சனை முழங்கையால் இடித்தார். வாட்சனுக்கு அபராதமும், கம்பீருக்கு ஒரு டெஸ்டில் ஆடத் தடையும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டை நிராகரித்தவர் தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ். நிறவெறி ஆட்சி வைத்த குண்டில் வலது கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் பறிகொடுத்த விடுதலைப் போராளி அவர்.

அந்த இன்னிங்ஸில் கம்பீர் எடுத்தது 206 ரன். ஆனால் அந்த ரன்களைவிட முழங்கையே சிலருக்கு இனித்தது. யாருக்கும் தலைவணங்காத புதிய இந்தியா பிறந்துவிட்டது என்றார்கள். கம்பீர் 2019 முதல் 2024 வரை பாஜகவின் கிழக்கு தில்லி மக்களவை உறுப்பினராக இருந்தார். 2024 முதல் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர். மைதானத்தில் காட்டும் ஆக்ரோஷமே தேசத்தின் குணம் என்ற பிரச்சாரம் இன்று அதிகாரத்தின் மொழியாகவே ஆகிவிட்டது.

இந்த வாதத்தின் வேர் எங்கே இருக்கிறது? 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேய ஆட்சியாளர்கள் இந்திய மக்களைப் போர்க்குணம் கொண்ட இனங்கள் என்றும், அஃதற்ற இனங்கள் என்றும் தரம் பிரித்து ராணுவத்திற்கு ஆள் எடுத்தார்கள். மக்களுக்குப் பிறவிக்குணம் உண்டு என்ற அந்தப் பொய்யைத்தான் "புதிய இந்தியா" பேசுவோர் தலைகீழாகத் திருப்பிப் பிடிக்கிறார்கள். அன்று கோழைகள் என்றான் வெள்ளைக்காரன். இன்று முரடர்கள் என்று மார்தட்டுகிறார்கள். அளவுகோல் மட்டும் அவனுடையதே.

விளையாட்டில் வேகமும் வெற்றி வேட்கையும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. தில்லி அணியை வழிநடத்திய பிஷன் சிங் பேடி, தன் பந்தைச் சிக்ஸருக்கு அடித்த எதிரணி வீரரைக் கைதட்டிப் பாராட்டுவார். அதே பேடிதான் 1978இல் பாகிஸ்தானின் சாஹிவாலில், வெற்றிக்கு 14 பந்தில் 23 ரன்னே தேவைப்பட்ட நிலையில், எட்டாத உயரத்தில் வீசப்பட்ட பவுன்சர்களை நடுவர்கள் கண்டுகொள்ளாததைக் கண்டித்துத் தன் மட்டையாளர்களைத் திரும்ப அழைத்தார். 2020இல் கோட்லாவில் அருண் ஜேட்லிக்குச் சிலை வைக்கும் முடிவை எதிர்த்து, அரங்கின் ஒரு பகுதிக்குச் சூட்டப்பட்டிருந்த தன் பெயரை அகற்றுமாறு கடிதம் எழுதியவரும் அவரே. எதிரணி வீரனிடம் பண்பு, அதிகாரத்திடம் எதிர்ப்பு: பேடி காட்டிய வழி இது. இன்று போற்றப்படும் ஆக்ரோஷம் இதற்கு நேர் எதிரானது.

1999 ஜனவரியில் பாகிஸ்தான் அணியின் வருகையை எதிர்த்து சிவசேனையினர் கோட்லா ஆடுகளத்தைக் கொத்திச் சிதைத்தார்கள். தில்லியில் தொடங்க இருந்த தொடர் அதனால் சென்னையில் தொடங்கியது. சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றது. சென்னை ரசிகர்களோ எழுந்து நின்று கைதட்டினார்கள். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றார்கள். சில நாட்களில் அதே கோட்லாவில் அனில் கும்ப்ளே 74 ரன் கொடுத்துப் பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். யாரையும் வசைபாடி அல்ல, பந்து வீசியே வீழ்த்தினார். ஆடுகளத்தை வெட்டியவர்களும் இந்தியர்களே, கைதட்டியவர்களும் இந்தியர்களே என்றால், இதில் தேசத்தின் குணம் எது?

2025 செப்டம்பர் 14 அன்று துபாயில் நடந்தது இந்த ஆக்ரோஷத்தின் விலையைக் காட்டிவிட்டது. பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்ற கொடுமையின் துயரம் உண்மையானது. உறவுகளை இழந்தவர்களில் சிலர் பாகிஸ்தானுடன் போட்டியே வேண்டாம் என்றார்கள். போட்டி நடந்தது, கைகுலுக்கல் மட்டும் மறுக்கப்பட்டது. ஒளிபரப்பு வருவாய்க்கு ஆட்டம் வேண்டும், தேசவெறிக்கு அவமதிப்பு வேண்டும். இரண்டையும் ஒரே மாலையில் விற்றார்கள். இறுதிப் போட்டி முடிந்ததும் பிரதமரே அந்த வெற்றியை ராணுவ நடவடிக்கையோடு ஒப்பிட்டார். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இதில் கிடைத்தது என்ன?

இந்த ஆக்ரோஷம் எந்தத் திசையில் பாயும் என்பதற்குத் தில்லியே சாட்சி. 2021 பிப்ரவரியில் சிங்கு, திக்ரி எல்லைகளில் விவசாயிகள் குளிரில் கிடந்தபோது, அவர்களுக்கு ஆதரவாக வெளிநாட்டுப் பாடகி ஒருவர் குரல் கொடுத்தார். உடனே வெளியுறவு அமைச்சகத்தின் ஹேஷ்டேக்குகளை ஏந்திக் கிரிக்கெட் நட்சத்திரங்கள் அணிவகுத்தார்கள். 2023இல் பாஜக எம்.பி.யும் மல்யுத்த சம்மேளனத் தலைவருமான பிரிஜ் பூஷன் மீது பாலியல் குற்றச்சாட்டு சுமத்தி, நாட்டுக்குப் பதக்கம் வென்ற வீராங்கனைகள் ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். இந்தியாவுக்கு ஆடிக்கொண்டிருக்கும் கிரிக்கெட் வீரர்கள் ஏன் பேசவில்லை என்று வினேஷ் போகாட் வெளிப்படையாகவே கேட்டார். மே 28 அன்று, புதிய நாடாளுமன்றம் திறக்கப்பட்ட அதே நாளில், காவல்துறை அவர்களைத் தெருவில் இழுத்துச் சென்றது. 1983 உலகக் கோப்பையை வென்ற அணியினர் ஆதரவு அறிக்கை வெளியிட்டனர். அன்றைய இந்திய அணியோ வாய் திறக்கவில்லை. ஆஸ்திரேலியனைப் பார்த்துச் சீறும் வீரம், ஆளும் கட்சி எம்.பி.யின் பெயரைக் கேட்டதும் எங்கே போயிற்று?

துணிவு இல்லாமலில்லை. 2021இல் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றபோது முகமது ஷமியை மதத்தின் பெயரால் வசைபாடியவர்களைத் தில்லிக்காரரான விராட் கோலி கண்டித்தார். அவரது ஆக்ரோஷத்தைக் கொண்டாடியவர்கள் எதிரணியை வம்பிழுத்த நாட்களில் அவரை மாவீரன் என்றார்கள். சக வீரனுக்காக நின்ற அன்று அவரது கைக்குழந்தைக்கே மிரட்டல் வந்தது.

கிரிக்கெட் பார்க்கும் கோடிக்கணக்கான இளைஞர்கள் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களது கோபத்திற்கு நியாயமான காரணங்கள் உண்டு: வேலையின்மை, ஒப்பந்தக் கூலி, சாதிக் கொடுமை. அந்தக் கோபத்தைப் பக்கத்து நாட்டு வீரன்மீது திருப்பிவிடுவதே ஆளும் வர்க்கத்தின் ஆட்டம். கிரிக்கெட்டை வெறுத்து ஒதுக்குவது இதற்கு மறுமொழி ஆகாது. தெருமுனைப் போட்டிகளிலும் தேநீர்க் கடைகளிலும் அந்த இளைஞர்களோடு அமர்ந்து ஆட்டத்தை ரசித்தபடியே, இந்தக் கோபம் யாருக்கு எதிராகத் திரும்ப வேண்டும் என்று கேட்பது தோழர்களின் கடமை. தேசத்தின் துணிவை அறிய விரும்புவோர் சிங்கு எல்லையையும் ஜந்தர் மந்தரையும் பார்க்கட்டும்.