மூப்படையும் கையொப்பம்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரிக் குன்றின் உச்சிக்கு ஏறுகிறவர்கள், தூக்குப்பாலம் இருந்த அந்தப் பாறைப் பிளவைக் கடக்கும்போது, இதனைத் தாண்டி எந்தச் சேனை உள்ளே புகுந்திருக்கக்கூடும் என்று அதிசயிப்பது வழக்கம். ஆயினும், 1690 முதல் 1698 வரை சுல்பிகர் கானின் மொகலாயச் சேனையை ஏறக்குறைய எட்டு வருஷ காலம் அலைக்கழித்த இதே துர்க்கம், 1750-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியிடம் ஓர் இரவில் வசப்பட்டது என்பதும் சரித்திரமே. மதில் இளைக்கவில்லை, வந்தவர்களின் உபாயம் மாறிவிட்டது.

கையொப்பத்தின் கதையும் இத்தகையதே. இன்று அவ்வூரின் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழ் வாங்கி வருகிறவர் கையில் இருப்பது, அதிகாரி பேனாவால் ஒப்பமிட்ட காகிதமன்று. மின்னணுக் கையொப்பம் தாங்கிய கோப்பின் அச்சுப்பிரதி. அக்கோப்பைக் கணினியில் திறந்தால் சில சமயம் பச்சை 'டிக்' தோன்றும், சில சமயம் மஞ்சள் கேள்விக்குறி தோன்றும். எது தோன்றினாலும் அச்சடித்து மனுவோடு இணைத்துவிடுவது நம்மவர் சம்பிரதாயம்.

அக்கையொப்பம் இடப்படுவது ஆவணத்தின்மேல் அன்று. ஆவணம் முழுவதையும் ஒரு கணித முறையால் வடித்தெடுத்த 'ஹாஷ்' என்னும் எண்ணின்மேல்தான். இரு வேறு ஆவணங்களுக்கு ஒரே எண் வரும்படி புனைய வல்லவன் எவனாயினும், தீங்கற்ற ஒன்றைக் காட்டி ஒப்பம் பெற்று, அதையே வஞ்சகமான மற்றொன்றுக்கு உரியதாக்கிவிடலாம். எம்டி5 என்னும் பழைய ஹாஷ் முறையில் இது சாத்தியம் என்பதை, 2008 டிசம்பரில் சில ஆராய்ச்சியாளர்கள், ஏறத்தாழ இருநூறு பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிகளை ஒன்றிணைத்து, ஒப்பமிடுகிறவர் இன்னார் என்று உறுதிசொல்லும் மின்னணுச் சான்றிதழ்களை வழங்கும் அதிகாரமே பெற்ற போலிச் சான்றிதழ் ஒன்றைப் படைத்துப் பிரத்தியட்சமாகக் காட்டினார்கள். அதற்கடுத்த ஷா-1 முறையின் பலவீனத்தைச் சீனப் பேராசிரியை வாங் சியாவ்யுனும் அவருடைய சகாக்களும் 2005-லேயே எடுத்துரைத்தார்கள். 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிலையமும் கூகுளும் ஒரே ஹாஷ் கொண்ட இரு வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன.

நம் தேசம் இதில் பின்தங்கியது என்று சொல்வது அநீதி. மின்னணுக் கையொப்பத்துக்கான 2000-ஆம் வருஷத்து விதிகள் எம்டி5, ஷா-1 இரண்டையும் அங்கீகரித்திருந்தபோதிலும், 2012 தொடக்கத்திலேயே, சான்றளிக்கும் நிறுவனங்களின் கட்டுப்பாட்டாளர் ஷா-256 முறையையும் ஒப்பமிடுவதற்கான 2048 பிட் திறவுகோலையும் கட்டாயமாக்கினார். ஆனால் ஒப்பமிடுகிறவரைத் திருத்துவது பாதி வேலைதான். பழைய முறையில் வருவதை ஏற்க மறுக்க வேண்டியவன் சரிபார்க்கிறவன், அந்த மறுப்போ ஏதோ ஒரு நிரல்மொழியின் நூலகத்துக்குள் எவரோ எழுதிவைத்த இயல்பு ஏற்பாட்டைப் பொறுத்தது. ஷா-1 குற்றம் வெளிப்பட்டு நான்கு வருஷங்கள் கழிந்து, 2009-இல் வெளியான 'கோ' என்னும் நிரல்மொழிகூட, அம்முறையில் ஒப்பமிட்ட சான்றிதழ்களை 2022 மார்ச்சில் வந்த 1.18 பதிப்பில்தான் நிராகரித்தது. இத்தனை தாமதம் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். எனினும் அது செய்த முறை மெச்சத்தக்கது: நிராகரிப்பே இயல்பு ஏற்பாடாயிற்று, அவஸ்தைப்படுகிறவர்களுக்கு ஒரு தற்காலிக விசை தரப்பட்டது, 2025 பிப்ரவரியின் 1.24 பதிப்பில் அவ்விசையும் பிடுங்கப்பட்டது.

நம் அலுவலகங்களில் தற்காலிக விசைகளுக்கு மரணமில்லை. நிரலாளர் ஒருவர் நள்ளிரவில் ஏதோ ஓர் இணைப்பு அறுந்துபோனதைச் சமாளிக்கத் திருப்பிய விசை, அவர் வேலையை விட்டுப் போன பிறகும் திருப்பியபடியே இருக்கும். மென்பொருளைப் புதுப்பித்தால் அந்த இணைப்பு மீண்டும் அறுந்துவிடும் என்ற அச்சத்தில் புதுப்பித்தலே நின்றுவிடும். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் ஷா-1 முறையை 2030 டிசம்பர் 31-க்குள் முற்றிலும் கைவிடச் சொல்லியிருக்கிறது. குவாண்டம் கணினிகளை எதிர்நோக்கிய புதிய கையொப்ப முறைகளையும் 2024 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. ஆகையால் நம் அரசாங்கம் மென்பொருள் ஒப்பந்தங்களை எழுதும்போது, எந்தெந்தப் பழைய கையொப்ப முறை எந்தத் தேதி முதல் ஏற்கப்படாது என்பதையும், விதிவிலக்குக் கேட்கிறவர் அதற்குரிய இறுதித் தேதியையும் உடன் எழுதித்தர வேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.