பள்ளிக்கூடத் திரையும் உயிர்ச் சாஸ்திரமும்

நமது மாநிலத்துச் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் சில வருஷங்களாக ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்து வருகிறது. கரும்பலகை மட்டுமே இருந்த சுவரில் வெண்திரை ஏறியிருக்கிறது. உயர்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்றும், தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை என்றும் பெயர் பெற்ற அறைகள் அமைந்துள்ளன. 2023-ம் வருஷத்தில் கல்வி இலாகாவார் பாடங்களை அசையும் படங்களாக்கி, ‘மணற்கேணி’ என்னும் செயலி வாயிலாக வெளியிட்டனர். உபாத்தியாயர்கள் தாங்களே பிபிடி தயாரித்துக்கொண்டு வகுப்புக்குச் செல்வதும் இப்போது சாதாரண விஷயமாகிவிட்டது. மதுரை நகரத்தில் மட்டுமன்றி, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய ஊர்ப்புறங்களிலும் இதைக் காணலாம். செலவு பொது ஜனங்களின் வரிப்பணம். ஆதலால், அதன் பயன் யாது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு, கடமையும் உண்டு.

எல்லாப் பாடங்களையும் இங்கே ஆராய்வது நமது நோக்கமன்று. உயிரணுவையும் பாரம்பரியத்தையும் பற்றிய பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2019-ல் வெளிவந்த பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலில் மரபியலுக்கும், அதையடுத்து உயிரின் தோற்றத்திற்கும் பரிணாமத்திற்கும் தனித்தனிப் பாடங்கள் உள்ளன. வைத்தியப் படிப்புக்கான நீட் பரீக்ஷையின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கே உரியவை. சர்க்கார் பள்ளி மாணாக்கருக்கு வைத்தியக் கல்லூரிகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் 2020-ல் வந்தது. ஏழைக் குடியானவனின் பிள்ளை டாக்டராவதற்குரிய வாயில் இந்தப் பாடத்தின் வழியாகவே திறக்கிறது. பாடம் பழுதுபட்டால் வாயில் அடைபடும்.

முதலில் படக்காட்சிக்குரிய பெருமையை ஒப்புக்கொள்வோம். கண்ணுக்கெட்டாத ஒன்றை வாய்ச்சொல்லால் மட்டும் விளக்குவது எளிதன்று. நமது உடலின் ஓர் உயிரணுவில் உள்ள டிஎன்ஏ இழைகளை நீட்டி ஒன்றோடொன்று சேர்த்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்காக்கினால் அவற்றில் சுமார் 6 பங்கு அகலமே உடையது. இவ்வளவு நீளம் அவ்வளவு சிறிய இடத்தில் சுருண்டு கிடப்பதையும், உயிரணு பிரியும்போது குரோமோசோம்கள் நடுவில் அணிவகுத்து இரு பக்கமாகப் பிரிந்து செல்வதையும் அசையும் படம் சில நிமிஷங்களில் காட்டிவிடுகிறது. முன்பு நகரத்துப் பெரிய பள்ளியில் படித்தவனுக்கே கிட்டிய காட்சி இன்று கிராமத்துச் சிறுமிக்கும் கிட்டுகிறது. இது சமத்துவத்துக்கான சாதனம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், படம் பார்த்தல் வேறு, அறிதல் வேறு. இதற்கு உயிர்ச் சாஸ்திரத்தின் சரித்திரமே சாக்ஷி கூறுகிறது.

மனிதனுடைய உயிரணுவில் 48 குரோமோசோம்கள் உண்டு என்று அமெரிக்காவில் பெயின்டர் என்பவர் 1923-ல் முடிவு கூறினார். அதன்பின் முப்பது வருஷங்களுக்கு மேலாக உலகத்துப் பாடப் புத்தகங்கள் யாவும் 48 என்றே போதித்தன. 1955-ம் வருஷக் கடைசியில் ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் டிஜியோ என்பவர், மேலான முறையில் பதப்படுத்திய உயிரணுக்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பொறுமையாக எண்ணினார். அவருக்குக் கிடைத்தவை 46. மறுவருஷம் அவரும் லெவானும் அதைப் பிரசுரித்தனர். இதில் மிகவும் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அதே ஸ்வீடனில் வேறு சிலர் அதற்கு முன்பே மனித ஈரலின் உயிரணுக்களை ஆராய்ந்து, திரும்பத் திரும்ப 46 என்றே எண்ணியிருந்தனர். எண்ணியும், 48 தேறவில்லையே என்று கருதித் தங்கள் ஆராய்ச்சியை நிறுத்தி வைத்தனர். கண்ணெதிரே இருந்த உண்மையை, புத்தகத்தில் அச்சாகியிருந்த எண் மறைத்துவிட்டது. தேர்ந்த ஆராய்ச்சியாளர்களுக்கே இக்கதி என்றால், பதினைந்து வயதுப் பிள்ளைகளின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

வகுப்பில் என்ன நடக்கிறது? திரையில் உயிரணு நீலமும் சிவப்புமாக ஜொலிக்கிறது. அந்த வர்ணங்கள் சாயம் ஏற்றியதனாலோ, படம் வரைந்தவரின் விருப்பத்தாலோ வந்தவை என்பதை யாரும் சொல்லாவிட்டால், உட்கரு நீலமானது என்றே பிள்ளை நம்பிவிடுகிறான். திரையில் எழுதியதை நோட்டில் பிரதி செய்கிறான். பரீக்ஷையில் அதையே திருப்பி எழுதுகிறான். பழைய உருப்போடும் வித்தை புதிய வேஷம் பூண்டு வந்ததன்றி வேறென்ன?

இதற்குப் பரிகாரம் படத்தை ஒழிப்பதன்று. படத்தை இருக்க வேண்டிய இடத்தில் வைப்பதே பரிகாரம். முதலில் பொருளைக் காட்ட வேண்டும். பின்னர் படத்தைக் காட்ட வேண்டும். ஒரு வெங்காயத்தை அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் படும்படி கண்ணாடிக் குவளையின் வாயில் வைத்தால், சில நாட்களில் வெள்ளை வேர்கள் இறங்கும். அவ்வேரின் நுனியைக் காலை வேளையில் கிள்ளியெடுத்து, உபாத்தியாயர் தம் கையால் நீர்த்த அமிலத்தில் இளக்கி, அசிட்டோகார்மைன் சாயம் தோய்த்து, கண்ணாடிச் சில்லின் மேல் வைத்து நசுக்கினால், பிரியும் நிலையிலுள்ள உயிரணுக்களை உருப்பெருக்கியில் காணலாம். வெங்காயத்துக்குக் குரோமோசோம்கள் 16. எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுத்தவுடன் தெளிவாகத் தெரியாது. ஒருவன் 14 என்பான், மற்றொருவள் 17 என்பாள். அந்தத் தர்க்கத்தில்தான் சாஸ்திரம் பிறக்கிறது. அதன்பின் திரையில் படத்தைக் காட்டினால், அப்படம் தான் கண்டதைத் தெளிவிக்கும் துணையாகப் பிள்ளைக்கு விளங்கும்.

பாரம்பரிய விதியும் இவ்வாறே. மெண்டல் பாதிரியார் பட்டாணிச் செடியில் 7,324 விதைகளை எண்ணினார். 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. அந்தக் கணக்கிலிருந்தே 3-க்கு 1 என்ற விகிதத்தைக் கண்டு, 1866-ல் அச்சிட்டார். திரையில் 3:1 என்று ஒரு வரி எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. ஆனால், நாற்பது பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு நாணயங்களைச் சேர்த்துச் சுண்டி, இரண்டும் பூவாக விழுந்த தடவைகளைக் கணக்கெடுத்தால், அந்த விகிதம் எங்கிருந்து வருகிறது என்பது அரைமணி நேரத்தில் பிரத்தியக்ஷமாகும். இதற்குச் சர்க்கார் மானியம் ஒன்றும் வேண்டுவதில்லை.

இத்தகைய எண்ணும் வித்தைக்கு நமது நாட்டிலேயே உத்தம உதாரணம் இருக்கிறது. சென்னை ராணி மேரி கல்லூரியிலும் பிரஸிடென்ஸி கல்லூரியிலும் படித்த ஈ.கே. ஜானகி அம்மாள், கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்து புகழ்பெற்றார். 1945-ல் அவரும் டார்லிங்டனும் சேர்ந்து வெளியிட்ட பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை உலகத்துத் தாவர சாஸ்திரிகள் கையாண்டனர். அப்பெண்மணியின் பெயர் நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மதுரைச் சீமைக்கோ உதாரணத்துக்குக் குறைவேயில்லை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விதையினால் பெருகுவதன்று. தண்டை வெட்டி வேர்பிடிக்க வைத்தே அதைப் பயிரிடுகிறார்கள். ஆதலால் ஒரு கொல்லையிலுள்ள செடிகள் பெரும்பாலும் ஒரே மரபணுத் தொகுதியின் பிரதிகளாகவே இருக்கும். ஒரு செடிக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் எளிதில் வருவது ஏன் என்று விவசாயியின் மகனைக் கேட்டால், அவன் தந்தையின் நஷ்டத்திலிருந்தே மரபியலைக் கற்பான்.

1966-ல் தோன்றி, பின்னர்க் காமராசர் பெயர் பூண்ட நமது பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன், உசிலம்பட்டி வட்டாரத்து ஜனங்களின் இரத்த மாதிரிகளில் எம் 130 என்னும் மரபுக் குறியைக் கண்டார். ஆதிமனிதர் ஆப்பிரிக்காவை விட்டுக் கடற்கரை வழியாக இந்தியாவைக் கடந்து ஆஸ்திரேலியா வரை சென்ற பயணத்தின் அடையாளம் அது என்பர். ஸ்பென்ஸர் வெல்ஸ் இச்செய்தியை 2002-ல் உலகறியச் செய்தார். கீழடியை அடுத்த கொந்தகையில் கிடைத்த பழம் எலும்புகளின் மரபணு ஆராய்ச்சியையும் அப்பல்கலைக்கழகமே மேற்கொண்டது. பிள்ளையின் ஊருக்குப் பத்துப் பதினைந்து மைலுக்குள் இவ்வளவும் நடந்திருக்க, திரையில் அயல்நாட்டுப் பட்டாணி மட்டுமே தோன்றினால், சாஸ்திரம் வேறெங்கோ யாரோ செய்வது என்றே அவன் எண்ணுவான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். மரபணு என்றவுடன், எம் குலமே தொன்மையானது, எம் இரத்தமே தூயது என்று மார்தட்டுவோர் கிளம்புகின்றனர். சாஸ்திரம் கூறுவது அதற்கு நேர்மாறானது. மனிதர் எவ்விருவரை எடுத்தாலும் மரபணு எழுத்துக்களில் 1,000-க்கு 999 ஒன்றாகவே இருக்கின்றன. ஹைதராபாத் உயிரணு ஆராய்ச்சி மையத்தாரும் அமெரிக்க விஞ்ஞானிகளும் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, சுமார் 4,200 வருஷங்களுக்கும் 1,900 வருஷங்களுக்கும் இடையே இந்திய ஜனங்கள் பரவலாகக் கலந்தனர் என்றும், அந்தக் கலப்பு பின்னரே அடைபட்டது என்றும் காட்டியது. ஜாதிச் சுவர் இயற்கை எழுப்பியதன்று. மனிதன் பின்னால் எழுப்பியது. இதை வகுப்பில் தெளிவாகச் சொல்லாத உபாத்தியாயர் பாதிப் பாடமே நடத்தியவராவார்.

இதனினும் அவசரமான விஷயம் ஒன்றுண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர் இரத்த உறவில் மணம் செய்துகொண்டவர்கள். தாய்மாமனை மணந்த பெண்ணின் குழந்தை, ஒரு குறிப்பிட்ட மரபணுவின் இரு பிரதிகளையும் ஒரே முன்னோரிடமிருந்து பெறுவதற்கு 8-ல் 1 வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்ற முறையில் 16-ல் 1. அம்முன்னோரிடம் மறைந்து கிடந்த குறை ஒன்று இருந்திருப்பின், அது குழந்தையிடம் வெளிப்படலாம். பிறவிச் செவிடு, விழித்திரை நோய்கள் முதலியவற்றில் பல இவ்வாறு வருபவை. உறவில் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் சுகமாகவே இருக்கின்றனர் என்பதும் உண்மை. ஆகையால் எந்தக் குடும்பத்தையும் பழிக்காமல், எந்தப் பிள்ளையையும் தலைகுனிய வைக்காமல், இந்தக் கணக்கைக் கற்பிக்க வேண்டும். இப்போது பத்தாவதில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்குச் சில வருஷங்களில் பெற்றோர் மாப்பிள்ளை பார்ப்பார்கள். அப்போது அவளுக்கு உதவாத மரபியல் வேறு எப்போது உதவும்?

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரையில் ஓடும் படங்களில் பல இங்கிலீஷில் உள்ளவை. கிடைத்ததை எடுத்துப் போடுவது எளிது. 1916-லேயே ராஜாஜி சேலத்தில் சாஸ்திரத் தமிழ்ச் சொற்களுக்கென்று சங்கம் கண்டார். இலங்கையில் இன்றும் தமிழ்ப் பிள்ளைகள் உயர்தர வகுப்பு வரை கலம், நிறமூர்த்தம் என்று தமிழிலேயே உயிரியல் கற்கின்றனர். நாம் செல், குரோமோசோம் என்றே சொல்லினும் குற்றமில்லை; ஆனால் விளக்கம் பிள்ளையின் பாஷையில் இருக்க வேண்டும். சொல் அயலதாயிருக்கலாம், கருத்து அயலதாயிருத்தலாகாது.

மத்திய கல்வி நிலையமான என்.சி.ஈ.ஆர்.டி. 2023-ல் தன் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பாடத்தை நீக்கியபோது, 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் பகிரங்கமாக ஆக்ஷேபித்தனர். நமது மாநில நூல் அப்பாடத்தை விடாமல் வைத்தது பாராட்டத்தக்கது. ஆனால் நூலில் இருப்பது மட்டும் போதாது. பிள்ளையின் மனத்தில் அது வேரூன்ற வேண்டும்.

செய்ய வேண்டியவை சில. பீரோவில் பூட்டிக் கிடக்கும் உருப்பெருக்கிகள் வெளியே வர வேண்டும்; திரைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கேனும் கண்ணாடிச் சில்லுக்கும் சாயத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டும். பல்கலைக்கழகத்திலும், அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி முதலியவற்றிலும் உயிரியல் பயிலும் மாணவர் மாதம் ஒரு சனிக்கிழமையாவது கிராமப் பள்ளிகளுக்குச் செல்லலாம். கல்வி இலாகாவார் வெளியிடும் ஒவ்வொரு படப் பாடத்தின் இறுதியிலும், பிள்ளை தன் கையால் செய்ய வேண்டிய காரியம் ஒன்றைச் சேர்க்கலாம்.

மணற்கேணி என்ற பெயர் வள்ளுவரை நினைவூட்டுவது. தோண்டுமளவுக்கு நீர் ஊறும் கேணி அது. தோண்டுகிற கை பிள்ளையின் கையாக இருக்க வேண்டும். கல்வி இலாகாவார் இதைக் கவனிப்பார்கள் என்று நம்புகிறோம்.